‘ரிவர்ட்’ என்று எழுதினேன், 23 பேர் முன்னால் வட்டமிட்டார்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள செபராங் பிறையிலிருந்து 31 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளி, அதன்பின் டிப்ளோமா. ஏழு ஆண்டுகளாகப் பாயான் லெப்பாஸில், அமெரிக்கத் தலைமையகம் கொண்ட ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை. ஆறு மாதத்துக்கு முன் வந்த புதிய மேலாளரும் தமிழர்தான். ஆங்கிலத்தில் பிழை கண்டால் பொறுக்காதவர். வந்த மாதமே, தமக்கு எரிச்சலூட்டும் 11 சொற்களைப் பிரிவின் வாட்சப் குழுவில் போட்டுவிட்டார்: ரிவர்ட், அவுட்ஸ்டேஷன், ஸ்டாஃப்ஸ், டிஸ்கஸ் அபவுட், அன்டில்-பை, பாரோ-லெண்ட், பிரிங்-டேக், லெஸ்-ஃபியூவர், லிட்ரலி, இர்ரிகார்ட்லெஸ், டிஸ்இன்டரஸ்டட்.

போன மாதம் ஒரு பாகத்தின் வரைபடம் குறித்து இந்தச் சகோதரி அமெரிக்கப் பொறியாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: ‘வி வில் ரிவர்ட் ஆன் த டிராயிங் பை மண்டே.’ திங்கட்கிழமைக்குள் பதில் சொல்கிறோம் என்பது அவர் நினைத்தது. ‘எந்தப் பழைய பதிப்புக்குத் திரும்பப் போகிறீர்கள்?’ என்று அங்கிருந்து கேள்வி வந்தது. மேலாளர் அந்த மின்னஞ்சலைப் படமெடுத்து, ‘ரிவர்ட்’டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 23 பேர் உள்ள குழுவில் போட்டார். அன்றிலிருந்து நாலு வரி எழுத இவருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறதாம். கூட்டங்களில் வாய் திறப்பதில்லை.

கேட்பது மூன்று. என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா? மேலாளரும் ‘இட்ஸ்’ என்ற சொல்லில் அபாஸ்ட்ரஃபி என்ற மேற்குறியைத் தப்பாகப் போடுகிறார், ஒன்பது படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன், அதே குழுவில் போடவா அல்லது வேலையை விட்டுவிடவா? தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் எனக்கு இந்த நிலை, அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போகும் மகளை மலாய்வழித் தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடட்டுமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். உங்களை வருத்துவதில் பாதி, 11 சொல்லும் ஒரே மாதிரிப் பிழை என்று நீங்கள் நம்பிவிட்டதால் வருகிறது. உங்கள் மேலாளரும் அப்படித்தான் நம்புகிறார். ஆனால் அதில் நாலு வகை கலந்து கிடக்கிறது. பொருளையே மாற்றிவிடும் பிழைகள் சில. இலக்கணப் பிழைகள் சில. பிழையே இல்லாத, ஆனால் நம் ஊருக்கு வெளியே செல்லாத சொற்கள் சில. மிச்சம், ஆங்கிலேயர்களே தங்களுக்குள் நூறு இருநூறு ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பவை. நாலுக்கும் ஒரே சிவப்பு மை போட்டால் கற்பவர் எதையும் கற்க மாட்டார். பயப்பட மட்டும் கற்றுக்கொள்வார்.

முதலில் திருத்த வேண்டியவை

அன்டில்-பை, பாரோ-லெண்ட், பிரிங்-டேக். இந்த மூன்றிலும் மேலாளர் பக்கம் நியாயம் முழுமையாக இருக்கிறது. ‘சென்ட் த சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இரு என்று பொருள். நீங்கள் கேட்க நினைத்தது வெள்ளிக்கிழமைக்குள் ஒருமுறை. கொள்முதல் பிரிவில் இது பணம் சம்பந்தப்பட்ட பிழை.

இதைச் சரிசெய்ய உங்களுக்கு இலக்கணப் புத்தகம் வேண்டியதில்லை, தமிழ் போதும். மனதுக்குள் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வரை’ என்று வந்தால் அன்டில். ‘-க்குள்’ என்று ஒரு நாளைக் குறித்து வந்தால் பை. ‘மூன்று நாளுக்குள்’ என்று கால அளவோடு வந்தால் விதின். ‘மூன்று நாள் கழித்து’ என்று வந்தால் இன் த்ரீ டேஸ். எந்தத் தமிழரும் ‘வரை’யையும் ‘-க்குள்’ளையும் குழப்புவதில்லை.

பாரோ-லெண்டும் அப்படியே. இரவல் வாங்குவது பாரோ, இரவல் கொடுப்பது லெண்ட். ‘கேன் யூ பாரோ மீ யுவர் கால்குலேட்டர்’ என்று நம் ஊரில் எல்லா இனத்தாரும் பேசுவதற்கு ஒரு காரணம், மலாயில் ‘பிஞ்சாம்’ என்ற ஒரே வேர் கொடுக்கவும் வாங்கவும் ஆகிவருவது. பிரிங்-டேக்கில் மலாய் ‘பாவா’வும் இரண்டு திசைக்கும் பொதுவானது. தமிழிலோ கொண்டு வா, கொண்டு போ என்று தனித்தனியாக இருக்கிறது. நுணுக்கமான இடத்திலும் அது பொருந்துகிறது: ‘நாளைக்கு உங்கள் ஆபீசுக்குக் கொண்டு வருகிறேன்’ என்று கேட்பவரை நோக்கிச் சொல்லும்போது நாம் ‘வருகிறேன்’ என்கிறோம் அல்லவா, ஆங்கிலத்திலும் அங்கே பிரிங்தான்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. பார் என்ற ஒரு சொல்லுக்கு சீ, லுக், வாட்ச் என மூன்று. கேள் என்பதற்கு ஆஸ்க், ஹியர், லிசன் என மூன்று. அங்கே கொஞ்சம் நிதானியுங்கள்.

ஒருமுறை படித்தால் தீர்ந்துவிடும் இலக்கணம்

‘ஸ்டாஃப்’ என்பது ஓர் இடத்தின் பணியாளர்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்லும் சொல். நம் மனதில் ‘பணியாளர்கள்’ என்ற பன்மை இருப்பதால் ஒரு ‘எஸ்’ஸை ஒட்டிவிடுகிறோம். ‘ஃபைவ் ஸ்டாஃப் மெம்பர்ஸ்’ என்று எழுதுங்கள். எக்விப்மென்ட், மெஷினரி, ஃபர்னிச்சர், ஸ்டேஷனரி, இன்ஃபர்மேஷன், ஃபீட்பேக், லக்கேஜ் ஆகிய ஏழுக்கும் ‘எஸ்’ கிடையாது. கொள்முதல் பிரிவில் தினமும் வரும் சொற்கள் என்பதால் இந்த ஏழை மனப்பாடமே செய்துவிடலாம்.

‘டிஸ்கஸ்’ஸுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது. அதனால் அபவுட் தேவையில்லை: ‘டிஸ்கஸ் த பிரைஸ்’. இதே வகையில் ‘ரிக்வெஸ்ட் எ கோட்டேஷன்’ (நடுவில் ஃபார் வராது), ‘எம்ஃபசைஸ் த டெட்லைன்’ (ஆன் வராது). ஆனால் அதே சொல் பெயர்ச்சொல்லாக மாறினால் ஒட்டு திரும்பி வந்துவிடும்: ‘எ டிஸ்கஷன் அபவுட் த பிரைஸ்’, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் எ கோட்டேஷன்’. இந்தத் தடுமாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம். பெயர்ச்சொல்லோடு கேட்டுப் பழகியதை வினைச்சொல்லுக்கும் ஒட்டுகிறோம்.

பிழையில்லை, ஆனால் உள்ளூர்ச் சொல்

இனி உங்களைச் சுட்ட ‘ரிவர்ட்’டுக்கு வருவோம். இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் அலுவலகங்களில் இதைப் ‘பதில் சொல்வது’ என்ற பொருளில் வழக்கறிஞர்களும் வங்கி அதிகாரிகளும் நாள்தோறும் எழுதுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியே இந்தப் பொருளை, இந்திய ஆங்கிலம் என்று குறிப்பிட்டுச் சேர்த்திருக்கிறது. நீங்கள் அறியாமல் எழுதிவிடவில்லை. எல்லாரும் எழுதுவதை எழுதினீர்கள்.

ஆனால், ‘எல்லாரும் எழுதுகிறார்கள், அதனால் சரிதானே’ என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்களே, அதை ஏற்க முடியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரிவர்ட் என்றால் முந்தைய நிலைக்குத் திரும்புவது. பொறியியல் வரைபடங்களில் அது கலைச்சொல்லே ஆகிவிட்டது. வரைபடம் சி பதிப்பில் இருக்கும்போது ‘ரிவர்ட்’ என்றால் பி பதிப்புக்குப் போவது. அந்தப் பொறியாளர் உங்களைக் கிண்டல் செய்யவில்லை; உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறார். கேட்காமல் விட்டிருந்தால் பழைய அளவில் பாகம் தயாராகி வந்திருக்கவும் கூடும். எனவே பினாங்குக்குள்ளும் கோலாலம்பூருக்கும் எழுதும்போது ரிவர்ட் இருந்தால் இருக்கட்டும். கடல் தாண்டிப் போகும் மின்னஞ்சலில் ‘வி வில் ரிப்ளை பை மண்டே’ அல்லது ‘வி வில் கெட் பேக் டு யூ பை மண்டே’ என்று எழுதுங்கள்.

அவுட்ஸ்டேஷனும் இப்படித்தான். தலைமையிடத்திலிருந்து தள்ளியிருந்த நிலையங்களைக் குறித்துக் காலனிக் காலத்தில் வழங்கிய சொல், நம்மிடம் ‘வெளியூர்’ ஆகிவிட்டது. இங்கே அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அமெரிக்கருக்குப் போகும் தானியங்கிப் பதிலில் மட்டும் ‘டிராவலிங் ஃபார் வொர்க்’ என்று மாற்றுங்கள். பட்டியலில் இல்லாத இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தலைமையகத்திலிருந்து வந்த விருந்தினரிடம் ‘ஐ வில் சென்ட் யூ ஹோம்’ என்று சொல்லாதீர்கள். மலாய் ‘ஹந்தார்’ (கொண்டுபோய் விடுவது) போல நாம் அன்போடு சொல்வது, அவர் காதில் ‘உன்னை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்று விழலாம். ‘டிராப் யூ’ போதும்.

மலேசிய ஆங்கிலம் என்று சொன்னாலே தலை குனியவும் வேண்டாம். 2025 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி தாப்பாவ் (சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்குவது), அலாமாக் (ஐயோ) போன்ற நம் சொற்களைச் சேர்த்தது. கெட்டிக்காரரைப் பார்த்து நாம் சொல்லும் ‘டெரர்’ரும் அதில் ஒன்று. எந்தச் சொல் எந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று தெரிந்தால் சரி.

வெறும் எரிச்சல்கள்

லெஸ்-ஃபியூவர் சண்டைக்கு வருகிறேன். எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர், எண்ண முடியாதவற்றுக்கு லெஸ் என்பது விதி. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்ற ஆங்கிலேயர், ஃபியூவர் என்றால் தமக்கு நன்றாகப் படுகிறது என்று தம் விருப்பமாக எழுதியது. பின்னால் வந்தவர்கள் அதையே விதியாக்கிவிட்டார்கள். அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டு முன்பே இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னரின் எழுத்தில் எண்ணக்கூடியவற்றுக்கும் லெஸ் வந்திருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் விதியைப் பின்பற்றுங்கள், வம்பில்லை: ‘ஃபியூவர் டிஃபெக்ட்ஸ்’, ‘லெஸ் வேஸ்ட்’. ஆனால் காலம், பணம், தூரம் மூன்றுக்கும் எண்ணிக்கை வந்தாலும் லெஸ்தான்: ‘லெஸ் தேன் த்ரீ டேஸ்’, ‘லெஸ் தேன் 500 ரிங்கிட்’. இவற்றை யாராவது ஃபியூவர் என்று திருத்தினால், பிழை திருத்தியவருடையது.

லிட்ரலியை ‘அப்படியே’ என்று மிகைப்படுத்தச் சொல்வது இன்றைய பிள்ளைகளின் கெட்ட பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் 1909 அகராதியிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. இர்ரிகார்ட்லெஸ்ஸும் 1795 முதல் அச்சில் இருக்கிறது. ஆனால் முன்னாலும் பின்னாலும் இரண்டு எதிர்மறை ஒட்டிய சொல், அகராதிகளே தரமற்றது என்று குறிக்கின்றன. அதை விட்டுவிட்டு ரிகார்ட்லெஸ் என்று எழுதுங்கள். டிஸ்இன்டரஸ்டட் என்றால் ‘சார்பற்ற’ மட்டும்தான் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அது ‘அக்கறையில்லாத’ என்ற பொருளிலும் இருந்தது. இப்படி இரண்டாகக் கிடக்கும் சொல்லை வணிகக் கடிதத்தில் தொடாமலே இருப்பது நல்லது.

எந்தப் பட்டியலிலும் இல்லாதது

சொல் எரிச்சல் பட்டியல் போடுகிறவர்கள் வழக்கமாகக் கவனிக்காத ஒன்று உங்கள் வேலையில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது: தேதி. நாம் 05/09 என்று எழுதினால் செப்டம்பர் 5. அமெரிக்கர் படித்தால் மே 9. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். ‘பைமன்த்லி’ என்ற சொல்லுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றும் மாதத்துக்கு இருமுறை என்றும் இரண்டு பொருள் இருப்பதால், ‘எவ்ரி டூ மன்த்ஸ்’, ‘ட்வைஸ் எ மன்த்’ என்று பிரித்து எழுதுங்கள். ‘டேபிள்’ இன்னும் விபரீதமானது. நமக்கும் பிரிட்டனுக்கும் ஒரு விஷயத்தைக் கூட்டத்தின் முன் வைப்பது. அமெரிக்கருக்கு அதைத் தள்ளிப்போடுவது. உங்கள் மேலாளரின் 11 சொற்களில் ஏழையாவது எடுத்துவிட்டு இந்த மூன்றைச் சேர்த்தால் தொழிற்சாலைக்கு உண்மையான லாபம்.

பயிற்சிக்கு ஒரே ஒரு மாலை ஒதுக்குங்கள். நீங்கள் அனுப்பிய கடைசி 50 மின்னஞ்சல்களில் அன்டில், ரிவர்ட், பாரோ, டிஸ்கஸ், ஸ்டாஃப்ஸ், எக்விப்மென்ட்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். திரும்பத் திரும்பச் செய்யும் பிழை ஐந்தாறைத் தாண்டாது. அவற்றை மட்டும் ஒரு சிறு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டுங்கள். அனுப்புமுன் அந்த ஐந்தாறை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுங்கள். முழு ஆங்கிலத்தையும் ஒவ்வொரு முறையும் சந்தேகப்படுவதால்தான் நாலு வரிக்கு முக்கால் மணி நேரம் போகிறது.

மேலாளர் விஷயம்

அந்த ஒன்பது படங்களை அழித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை, குழுவில் போடாதீர்கள். ‘இட்’டுக்குச் சொந்தமானது என்னும்போது ‘இட்ஸ்’ஸில் அந்த மேற்குறி வராது, ‘இட் இஸ்’ என்பதன் சுருக்கத்துக்குத்தான் வரும் என்பது சரியே. ஆனால் நீங்கள் அதைப் போட்ட நிமிடத்தில், பலர் முன்னிலையில் அவமதிக்கப்பட்டவர் என்ற உங்கள் நிலை போய்விடும். மனிதவளப் பிரிவு அதை இருவர் சண்டையாகத்தான் பார்க்கும்.

பிழையைத் திருத்துவது மேலாளரின் வேலை. அமெரிக்கத் தொடர்பு உள்ள பிரிவில் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 23 பேர் முன்னால் பெயர் தெரியும்படி வட்டம் போடுவது அந்த வேலைக்குத் தேவையில்லாதது. இந்த இரண்டையும் பிரித்துப் பேசுங்கள். தனியே நேரம் கேட்டு, முதல் வாக்கியமாக வரைபடக் குழப்பத்தை ஒப்புக்கொள்ளுங்கள்: “வெளிநாட்டு மின்னஞ்சலில் இனி அந்தச் சொல்லைப் போட மாட்டேன், சார்.” அடுத்து: “பிழை இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், அன்றைக்கே திருத்துகிறேன். குழுவில் போட்டால் எழுதவே கை நடுங்குகிறது.” மூன்றாவதாக, பொருள் மாறும் சொற்களை மட்டும் வைத்துப் பிரிவுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துத் தரட்டுமா என்று கேளுங்கள். சொல் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர் இதை மறுப்பது கடினம். பேசிய அன்றே, பேசியதைச் சுருக்கி அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் வட்டம் தொடர்ந்தால், தேதி வாரியாகப் படங்களோடு, நிறுவனக் கையேட்டில் உள்ள முறையீட்டு வழிப்படி மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். ‘என் ஆங்கிலத்தைக் குறை சொல்கிறார்’ என்று எழுதாதீர்கள். ‘தனியே திருத்தும்படி இந்தத் தேதியில் கேட்டேன், அதன்பின் இத்தனை முறை பொதுவில் போட்டார்’ என்று எழுதுங்கள்.

வேலையை விடுவது பற்றி ஓர் எச்சரிக்கை. முதலாளி ஒப்பந்தத்தையே முறிக்கும் அளவுக்கு நடந்துகொண்டதால் தொழிலாளி விலக நேர்ந்தால், அதையும் பணிநீக்கமாக நம் நாட்டுச் சட்டம் கருதும். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் மேல். ஒரு சிவப்பு வட்டம் அதற்குப் போதாது. கோபத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் பின்னால் வாதிடுவது இன்னும் கடினமாகும். அந்த எண்ணம் உறுதியானால், கடிதம் கொடுக்கும் முன்பே தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

மகளின் பள்ளி

இங்கேதான் உங்களோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். நீங்கள் செய்த பிழைகளைத் திரும்பப் பாருங்கள். ரிவர்ட், வழக்கறிஞர் அலுவலகம் வரை புழங்கும் சொல். பாரோ-லெண்டும் பிரிங்-டேக்கும் எல்லா இனத்தாரும் எல்லாப் பள்ளியில் படித்தவர்களும் இங்கே செய்யும் குழப்பம். அவற்றுக்குத் தமிழ் மருந்தாக இருக்கிறது. ஸ்டாஃப்ஸ், டிஸ்கஸ் அபவுட் இரண்டிலும் நம் தாய்மொழிச் சாயல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவை ஒரு மாலையில் தீரும் பிழைகள். ஒரு குழந்தையின் பள்ளியை அவற்றுக்காக மாற்ற வேண்டியதில்லை.

பினாங்கில் இருந்துகொண்டு தமிழையும் ஆங்கிலத்தையும் எதிரெதிராக நிறுத்துவதும் பொருந்தவில்லை. இந்த நாட்டின் தமிழ்க்கல்வி தொடங்கியதே இங்குள்ள ஓர் ஆங்கிலப் பள்ளிக்குள்தான். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை வைத்துத்தான் 2016-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம்.

குழந்தையின் ஆங்கிலம் எந்தப் பள்ளிப் பெயர்ப்பலகை என்பதைவிட, நல்ல ஆசிரியர் கிடைப்பதையும் வீட்டில் அன்றாடம் எவ்வளவு படிக்கக் கேட்கிறாள் என்பதையும் பொறுத்தது. இரவு தூங்குமுன் 15 நிமிடம் ஆங்கிலக் கதை ஒன்றை நீங்களே சத்தமாகப் படியுங்கள். உச்சரிப்பு பற்றிக் கவலை வேண்டாம். கதையை நிறுத்தி, ‘இங்கே அவள் கொண்டு வந்தாளா, கொண்டு போனாளா?’ என்று தமிழில் கேளுங்கள்.

மாற்று விண்ணப்பத்தை இந்த வாரம் அனுப்பாதீர்கள். முதலில் பதிந்திருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: முதலாம் ஆண்டுக்கு ஆங்கிலம் எடுப்பவர் அந்தப் பாடத்துக்கென்றே பயிற்சி பெற்றவரா? குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் உண்டா? 2016-இல் வந்த இருமொழிப் பாடத்திட்டத்தின்படி அறிவியல், கணிதம் ஆங்கிலத்தில் நடக்கிறதா? (அந்தத் திட்டம் தமிழ்ப்பள்ளிக்கு வேண்டுமா என்பது தனி விவாதம். உங்கள் பள்ளியில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.) நீங்கள் மாற்ற நினைக்கும் பள்ளியிலும் போய் முதல் இரண்டையும் அப்படியே கேளுங்கள். இரண்டு பள்ளியின் பதிலையும் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.